படகின் வயிற்றுக்குள்ளும் பெயிண்ட் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், கோடை விடுமுறைக்காக மரத்தில் மாதிரிப் படகு செய்யும் விதத்தைப் போட்டிருந்தீர்கள். படம் தெளிவாக இருந்தது, அளவுகளும் சரியாக இருந்தன. எங்கள் தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு படகு செய்தார்கள். என் பேரனும் அதில் ஒருவன். செல்போனைத் தூர வைத்துவிட்டு, தலையெல்லாம் மரத்தூளோடு பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்ப்பதைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறைந்தது. அதற்கு முதலில் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் செய்முறையின் கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: 'வெளிப்பக்கம் எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்ததும் தண்ணீரில் விடலாம்.' அந்த ஒரு வரியால் நான்கு படகும் ஒரே வாரத்தில் கெட்டுப்போயின. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உழைப்பு வீணானதைக் கண்ணால் பார்த்த பிறகு சுருக்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் 31 வருடம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்டராக இருந்தவன். சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று வேலை எங்கே கூப்பிட்டதோ அங்கே போனேன். பட்டி பார்ப்பது (பள்ளத்தில் மாவு வைத்து நிரப்புவது), தேய்ப்பது, பிரைமர் என்ற அடிப்பூச்சு, கலர், அப்புறம் கதவில் பூவும் மயிலும் போடுவது வரை எல்லாம் கை வேலை. கண்ணும் மூச்சும் ஒத்துழைக்காமல் போனதும் பட்டறையை விட்டேன். அதன் பிறகு மாதிரிப் படகு செய்யத் தொடங்கினேன். இதுவரை ஏழு செய்திருக்கிறேன். நம் சேலத்தில் கடல் இல்லை. ஆனால் மூக்கனேரி இருக்கிறது, ஏற்காட்டில் ஏரி இருக்கிறது. மாதிரிப் படகுக்கு அது போதும்.

கெட்டுப்போன படகுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை செய்தது, நீல நிறம். பலகைகளை ஒட்டிய இடங்களெல்லாம் வெளியே வரிவரியாகப் புடைத்திருந்தன, மெலிந்த மாட்டின் விலா எலும்பு தெரிகிற மாதிரி. அடிப்பக்கம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சொட்டுத் தண்ணீர் வெளியே வந்து விரலிடுக்கில் ஓடியது. மேல்தட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் மரம் கறுத்து ஈரமாகக் கிடந்தது. உள்ளே ஒரு பொட்டுப் பெயிண்ட்கூட இல்லை.

அந்தக் குழந்தை என்னிடம், "நான்தான் சரியா அடிக்கலையா தாத்தா?" என்று கேட்டாள். அவள் அடித்தது நன்றாகத்தான் இருந்தது. பிரஷ் கோடு தெரியாமல், ஒழுகாமல், ஒரே சீராக அடித்திருந்தாள். தப்பு அவள் கையில் இல்லை. இப்படி நம் மாவட்டத்தில் வேறு எத்தனை பிள்ளைகள் தங்களையே நொந்துகொண்டு படகைத் தூக்கிப் போட்டார்களோ, அவர்களுக்கும் சேர்த்து இதைச் சொல்ல வேண்டும்.

நடந்தது என்னவென்றால், மாதிரிப் படகுக்குள் தண்ணீர் போகாமல் இருக்காது. படகைத் தள்ளும் விசிறி சுழலும் தண்டுக்குப் போட்ட துளை வழியாகக் கசியும். மேல்தட்டு ஓரத்தில் சின்ன அலை ஏறி இறங்கும். அந்தத் தண்ணீர் உள்ளே பெயிண்ட் படாத பச்சை மரத்தைத் தொட்டதும் மரம் குடிக்கிறது. மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது. அகலவாக்கில்தான் உப்பும். ஒவ்வொரு பலகையும் அகலத்தில் உப்பினால் சேர்க்கும் இடம் ஒன்றையொன்று நெருக்கி எழும்பும். வெளியே இறுகிய எனாமல் அதோடு சேர்ந்து நீளாது, அது விடும் அல்லது வெடிக்கும். பிறகு வெளித் தண்ணீரும் அந்த வழியாக உள்ளே வருகிறது. வெளியே ஐந்து கோட்டிங் அடித்திருந்தாலும் இதே கதிதான்.

லாரியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து மரப் பலகை பாடியில் வெளியே பளபளவென்று இருக்கும். அடியில், சேஸிஸ் என்ற இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரும் பக்கம் யாரும் பார்ப்பதில்லை என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் வெளிப் பெயிண்ட் தானாக உரியும். வண்டிக்காரர் பெயிண்டரைத் திட்டுவார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு முதல் கோட்டிங்கை அங்கேதான் அடிக்கச் சொல்வார். "கண்ணுக்குத் தெரியற பக்கத்தை நாளைக்கு அடிக்கலாம்டா தம்பி" என்பார். முகத்தில் பெயிண்ட் சொட்டும். அப்போது எரிச்சலாக இருக்கும்.

மரத்தில் தண்ணீர் ஊறும் என்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. கட்டுமரம் என்ற நம் சொல்தானே இங்கிலீஷில் கேட்டமரான் ஆனது. அந்தக் கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மரம் குடித்த தண்ணீர் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கனத்துப்போகும். நம் பக்கம் மேட்டூர், பூலாம்பட்டி, ஒகேனக்கல் பரிசலைப் பாருங்கள். முன்பு மாட்டுத் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கு வைத்து மேலே தார் பூசுகிறார்கள். வேலை முடிந்ததும் கரையில் கவிழ்த்துப் போடுகிறார்கள். கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போடலாம், பரிசலைக் கவிழ்க்கலாம். மேல்தட்டு போட்டு மூடிய மாதிரிப் படகின் உள்பக்கத்தை யார் காயவைப்பது? அதனால் மேல்தட்டு ஒட்டுவதற்கு முன்பே உள்ளே அடைத்துவிட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். அதே எனாமல் டப்பா போதும். ஒரு தேங்காய்த் தொட்டியில் கொஞ்சம் எனாமலை ஊற்றி, அதே அளவு டர்பன்டைன் விட்டுத் தண்ணீர் போலக் கலக்க வேண்டும். இந்த நீர்த்த பெயிண்டைத்தான் முதலில் உள்ளே அடிக்க வேண்டும். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். பார்த்தால் அடிக்காத மாதிரியே இருக்கும். அது போய்ச் சேர வேண்டிய இடம் மரத்துக்குள்ளேதான். ஒரு நாள் விட்டு, கொஞ்சம் கெட்டியாக இரண்டாவது, மறுபடி ஒரு நாள் விட்டு அப்படியே மூன்றாவது. பலகையின் அறுத்த முனை இருக்கிறதே, அது பஞ்சு மாதிரி குடிக்கும். படகின் முன்மூக்கிலும் (கடற்கரைக்காரர்கள் அணியம் என்பார்கள்) பின்பலகையிலும் அந்த முனைகள் சேருகின்றன. அங்கே இன்னும் ஒன்றிரண்டு முறை கூடுதலாக வைக்க வேண்டும். நான் என் படகுகளுக்கு எபாக்ஸி ரெசின் போடுகிறேன். வெயிலில் சற்று நேரம் வைத்தால் ரெசின் இளகி இடுக்கெல்லாம் தானே ஓடும். ஆனால் அது பெரியவர்கள் கையுறை போட்டுச் செய்கிற வேலை. பிள்ளைகளுக்கு நீர்த்த எனாமலே போதும்.

ஒட்டும் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் வகை என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, வெளிப்பக்கத்துக்கு வருகிறேன். என் முதல் படகை நானே கெடுத்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏற்காட்டில் என் தங்கச்சி வீடு. அவள் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். காபிச் செடிக்கு நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டும்போது மிஞ்சும் பலகைத் துண்டுகளை எனக்காக எடுத்து வைத்திருந்தார். லேசான மரம், இழைத்தால் பட்டு மாதிரி வரும். ஐப்பசி மாதம் அங்கேயே பத்து நாள் தங்கி, இரண்டடி நீளத்தில் ஒரு படகு கட்டினேன். பட்டியும் பிரைமரும் முடிந்து மேலே வெள்ளையும் கீழே கறுப்பும் அடிக்க வேண்டிய நாள். லாரிக்கு அடிக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான் எனக்குப் பழக்கம், பத்து நிமிடத்தில் தொடுகிற அளவுக்குக் காயும். வராந்தாவில் வைத்து ஸ்ப்ரே பண்ணினேன். அடிக்கும்போதே மஞ்சு, அதாவது மூடுபனி, ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்து வராந்தா கம்பிக்குள் நுழைந்தது. நான் பொருட்படுத்தவில்லை. 31 வருட அனுபவம் இருக்கிறதே என்ற தைரியம். கீழே கோடு போட்ட கறுப்புப் பகுதி என் கண்முன்னால் சாம்பல் பூத்தது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய கறுப்பு, பால் சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்ட தரை மாதிரி ஆகிவிட்டது. துணியால் தேய்த்தேன், போகவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. என்.சி. பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அது அடித்த பரப்பைக் குளிரவைக்கிறது. ஸ்பிரிட் கையில் பட்டால் சில்லென்று இருக்குமே, அதே விஷயம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் பெயிண்டுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. மேலே தோல் கட்டிய பிறகு வெளியே வர முடியாமல் வெண்மையாகத் தெரிகிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் வேலை செய்தே பழகிய கைக்கு இது தெரியவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றே வேறு. தங்கச்சி மட்டும், "அண்ணா, இங்க போட்ட துணியே மூணு நாளா காயலையே, இது எப்படிக் காயும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை.

அதைச் சரிசெய்ய முடிந்தது. படகைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கீழே கொண்டுவந்தேன். வீட்டு மாடியில் நல்ல வெயில் அடிக்கிற நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லிசாக ஸ்ப்ரே செய்தேன். பெயிண்ட் மறுபடி இளகி, உள்ளே அடைபட்ட ஈரம் போய், கறுப்பு கறுப்பாகத் திரும்பியது. ஆகவே ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் மழை நாளிலும் மஞ்சு நாளிலும் பெயிண்ட் அடிக்க வேண்டாம். மரம் தேய்க்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த வெயில் வரும்வரை பெயிண்ட் டப்பா மூடியே இருக்கட்டும். எனாமலும் ஈரக் காற்றில் காய நேரம் எடுக்கும், பளபளப்பு மங்கும்.

இன்னொன்று. எனாமல் மேல் என்.சி. அடிக்கவே கூடாது. என்.சி. தின்னர் அடியிலிருக்கும் எனாமலைக் கிளப்பி, கொதித்த பாலின் ஏடு சுருங்குவது மாதிரி சுருக்கிவிடும். என்.சி. மேல் எனாமல் அடிக்கலாம். வீட்டில் இருக்கிற ஏதோ இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்க நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டி பார்த்துத் தேய்ப்பதில்தான் படகின் அழகு இருக்கிறது. பச்சை மரத்தை 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220-க்கு வர வேண்டும். அப்புறம் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் முள் மாதிரி எழும்பும். அதை 220-லேயே லேசாக எடுத்துவிட்டால் பிறகு பெயிண்டுக்கு அடியில் அது எழும்பாது. அதற்குப் பிறகு மரத்தில் தண்ணீர் படக் கூடாது. பிரைமர் வந்த பின்புதான் தண்ணீர் போட்டுத் தேய்க்கிற 400, 600 எல்லாம். தேய்க்கும் கட்டைக்கு பழைய ரப்பர் செருப்பின் அடியை நீளமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். படகின் வளைவுக்கு அது வளைந்து கொடுக்கும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும்.

பள்ளத்தைக் கண்டுபிடிக்க பட்டறையில் ஒரு வழி உண்டு. சாம்பல் நிற பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பை மிகவும் நீர்த்து, தூறல் மாதிரி தூரத்தில் இருந்து அடிப்போம். மூடவே கூடாது, புள்ளி புள்ளியாக விழ வேண்டும். ஸ்ப்ரே இல்லாத பிள்ளைகள் பழைய டூத் பிரஷை நனைத்து விரலால் தெறிக்கவிடலாம். காய்ந்ததும் செருப்புக் கட்டையில் 400 தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கறுப்புப் போய்விடும். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். என் பேரனுக்கு இதைக் காட்டியபோது, வழவழவென்று இருக்கிறது என்று அவன் அடித்துச் சொன்ன படகில் சின்னச் சின்னக் கறுப்புத் தீவுகள் பதினொன்று தெரிந்தன. ஒவ்வொன்றையும் எண்ணினான். பட்டியை விரல்நுனியில் எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்து, மறுநாள் மறுபடி தேய்த்து, மறுபடி கறுப்புத் தெறித்துப் பார்த்தான். இரண்டாவது தடவை மூன்று, மூன்றாவது தடவை ஒன்றும் இல்லை. அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடையில் வாங்கிய எந்தப் பொம்மையும் அவனுக்கு அதைக் கொடுத்ததில்லை.

நீர்மட்டக் கோடு பற்றி எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். லாரி பாடியில் நூல் பிடித்துக் கோடு போட்டு வளர்ந்த கை என்னுடையது. படகின் வயிற்றில் நூல் உதவாது. பேட்டரி, மோட்டார் எல்லாம் வைத்து, வாளியிலோ தொட்டியிலோ மிதக்கவிட்டு முன்னும் பின்னும் தண்ணீர் தொடும் இடத்தை ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சமதளமான மேஜையில் அந்த இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் வரும்படி படகை நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் பென்சிலைக் கட்டி, கட்டையைப் படகைச் சுற்றி நகர்த்தினால் கோடு தானே விழும். அதை ஒட்டி மாஸ்கிங் டேப். டேப்பின் ஓரத்தில் முதலில் மேல் நிறத்தையே லேசாகப் பூசி அடைத்துவிட்டு, அது காய்ந்ததும் கீழ் நிறம். பெயிண்ட் முழுக்க இறுகும் முன்பே டேப்பைத் தன்மேலேயே மடக்கிச் சாய்வாக இழுத்தால் கோடு கத்தியால் வெட்டியது போல வரும்.

கப்பல்களில் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே ஏன் சிவப்பு என்று பேரன் கேட்டான். நிஜக் கப்பலின் அடியில் பூசும் பெயிண்டில் செம்பின் ஆக்ஸைடு கலப்பார்கள், அதன் நிறமே செங்காவிதான். கடல் சிப்பியும் பாசியும் ஒட்டி வளராமல் அந்தச் செம்பு தடுக்கும். கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் வட்டமும் கோடும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு அடையாளம். இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. போராடி 1876-இல் அதைச் சட்டமாக்கினார். அதுவரை அளவுக்கு மீறி ஏற்றிக் கப்பல் மூழ்கி மாலுமிகள் சாவது சாதாரணமாக இருந்தது. ஓவர்லோடு லாரிகளுக்கு நடுவே வாழ்ந்த எனக்கு இந்தக் கதை பிடிக்கும். என் எல்லாப் படகிலும் அந்த வட்டத்தைக் கையாலேயே போடுகிறேன்.

இப்போது பெற்றோர்களுக்கு. பட்டறையில் மிஞ்சிய பழைய மஞ்சள், ஆரஞ்சு டப்பாக்களைத் தயவுசெய்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். லாரியின் அந்தப் பளீர் மஞ்சளுக்கு ஈயம் கலந்த குரோமேட் நிறமியைத்தான் வெகுகாலம் பயன்படுத்தினார்கள். வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே புதிதாக வாங்கும் வீட்டுப் பெயிண்டைக் கொடுங்கள். பழைய மரச் சாமானைத் தேய்த்தெடுத்த தூளும் பிள்ளை மூச்சில் போகக் கூடாது. இறுகுவதற்காக ஹார்டனர் என்ற திரவம் கலக்கும் கார் பெயிண்ட் பளபளப்பாக வரும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஸ்ப்ரே அடித்த தலைமுறை நாங்கள். கைக்குட்டை தூளைக் கொஞ்சம் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. இன்று மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார்ந்துதான் ஏறுகிறேன். என்னோடு வேலை பார்த்த பலருக்கும் இதே கதை. பிள்ளைகள் பிரஷில், எனாமலில், காற்றோட்டமான திண்ணையில் அடிக்கட்டும்.

'காய்ந்ததும் தண்ணீரில் விடலாம்' என்ற உங்கள் வரியில் அந்தக் 'காய்ந்ததும்' என்ற சொல்லையும் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும். எனாமல் மறுநாள் தொட்டால் ஒட்டாது. அதனால் காய்ந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். அப்போதே தண்ணீரில் விட்டால் மங்கிப்போகும், நகம் பட்டாலே உரியும். நம் ஊர் வெயிலிலேயே ஒரு வாரம் வேண்டும், மலையில் இன்னும் கூட. நாள் கணக்கைவிட மூக்கு நம்பகமானது. படகைக் கொஞ்ச நேரம் மூடிய பெட்டிக்குள் வைத்துத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். டர்பன்டைன் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

கோடை விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த சிறுவர் பக்கத்தில் உள்பக்கம் அடிப்பதையும் ஒரு வாரம் பொறுப்பதையும் மட்டுமாவது பெரிய எழுத்தில் போடுங்கள். நான்கு படகையும் தேய்த்து மரத்துக்குக் கொண்டுவந்து, பத்து நாள் நிழலில் காயவைத்து, உள்ளே மூன்று கோட்டிங் அடித்து, வெளியேயும் முடித்துவிட்டோம். நீலப் படகுக்கு மறுபடியும் அதே நீலம்தான் வேண்டும் என்று அந்தக் குழந்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். படகுகள் இப்போது எங்கள் வீட்டுப் பரண்மேல் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் நான்கு பேரும் வந்து ஸ்டூல் போட்டு ஏறி முகர்ந்து பார்க்கிறார்கள். நேற்று வரைக்கும் வாசனை இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி பெயிண்டர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.